தோல் பையில் முதலெழுத்து: கையிழுப்பு ஹாட் ஸ்டாம்பிங் மெஷின் எதற்கு உதவும், எங்கே கைவிடும்

தோல் பை, பர்ஸ், பெல்ட், பயணப்பெட்டியில் தொங்கும் பெயர்ப்பட்டை ஆகியவற்றில் வாங்குபவரின் முதலெழுத்தைப் பதித்துக் கொடுப்பது பெரிய கம்பெனிகள் மட்டும் செய்யும் வேலையாக இருந்தது. லூயி வுய்ட்டன் தன் பைகளோடு வரும் தோல் பட்டையில் சூடாக அழுத்தித் தரும் எழுத்துகள் உலகம் முழுக்கத் தெரிந்தவை. இன்று அதே வேலையை ஒரு சிறு கடையின் மேசையில் வைத்துச் செய்யலாம். கல்லூரிகளுக்குப் பக்கத்துப் பைண்டிங் கடைகளில் புராஜெக்ட் அட்டைமேல் தங்க எழுத்து அடிக்கிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, சூடான எழுத்தைக் கைப்பிடி இழுத்து அழுத்திப் பதிக்கும் சிறிய ஹாட் ஸ்டாம்பிங் மெஷின் போதும். இணையத்தில் பல பெயர்களில் விற்பனையாகிறது. பெயர்ப்பலகை மாறினாலும் உடம்பு பெரும்பாலும் ஒன்றுதான். இந்த விமர்சனம் அந்த வகை மெஷினைப் பற்றியது, தோல் வேலைக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற ஒரே கேள்வியோடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தைப்பதற்கு முன், தனித் துண்டாகக் கிடக்கும் தோலில், மூன்று நான்கு எழுத்து பதிக்க இது அருமையான கருவி. தைத்து முடித்து, லைனிங்கும் ஃபோமும் ஜிப்பும் வைத்த பையின் மேல் பதிக்கலாம் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். 8×10 செ.மீ. பரப்பு முழுக்க அடிக்கும் என்ற விளம்பர வாசகம் காகிதத்துக்குப் பொருந்தும், தோலுக்குப் பொருந்தாது.

அந்தக் கடைசி விஷயம் எளிய கணக்கு. கைப்பிடியை இழுக்கும் வலு மாறுவதில்லை. 1 சதுர செ.மீ. பரப்புள்ள எழுத்துகளில் விழும் அழுத்தம், 10 சதுர செ.மீ. லோகோவில் பத்தில் ஒரு பங்காகிவிடும். காகிதத்தில் ஃபாயில் (தங்கம், வெள்ளி நிறம் ஏற்றிய மெல்லிய தாள்) ஒட்ட அது போதும். 2 மி.மீ. தோலை நசுக்கி நிரந்தரப் பள்ளம் உண்டாக்கப் போதாது. ஃபாயில் இல்லாமல் வெறும் அழுத்தமாகப் பதிக்கும்போது சுமார் 3×4 செ.மீ.க்குள் அடங்கும் வடிவத்தோடு நிறுத்திக்கொள்வதே இந்த வகைக்கு உகந்த எல்லை. முதலெழுத்து வேலைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

மெஷினின் உறுப்புகள் கொஞ்சம்தான். கனத்த இரும்புச் சட்டம், ஏறி இறங்கும் தலை, தலைக்குள் ஹீட்டர் ராடு, வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள், முன்னால் டிகிரி காட்டும் கன்ட்ரோலர், கீழே உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் தளம், பக்கவாட்டில் ஃபாயில் சுருள் மாட்டும் கம்பி. பித்தளை எழுத்துகளின் அடிப்பாகம் டி வடிவத்தில் இருக்கும்; தலையிலுள்ள பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் செருகி, ஓரத் திருகால் இறுக்க வேண்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியது சட்டத்தின் கனம். மெல்லிய அலுமினிய வார்ப்புச் சட்டம் இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் வளையும். எழுத்து ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழுந்தால் அதற்கு இந்த வளைவு ஒரு காரணம். தூக்கும்போது கை வலிக்கும் மெஷினையே வாங்குங்கள்.

இனி தோல். விளைவில் பெரும் பங்கு இங்கேதான் முடிவாகிறது, மெஷினில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "மெஷின் சரியில்லை" என்று திருப்பி அனுப்புபவர்கள் ஏராளம்.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலைச் சந்தையில் வெஜ் டேன் என்பார்கள். நகத்தால் கீறினால் தடம் அப்படியே நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இழுத்துக் கறுக்கும். வெட்டு விளிம்பு பழுப்பாக இருக்கும். இது அழுத்தத்தை ஏற்றுக்கொண்டு, காய்ந்த பிறகும் அதே வடிவில் நிற்கும் தோல். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் வேறு குணம் கொண்டது. மெதுமெதுவென்று இருக்கும், நசுக்கினால் எழும்பி வரும், சாயம் உள்ளே ஊறாத தோல்களில் வெட்டு விளிம்பு நீலச் சாம்பலாகத் தெரியும். கடையில் தொங்கும் மிருதுவான கைப்பைகளில் மிகப் பெரும்பாலானவை குரோம்தான்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்குமே ஆழமான வேர் உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் புவிசார் குறியீடு பெற்றது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் அதன் பதனிடும் தொழில் வளர்ந்தது. பின்னாளில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெருமளவு பிடித்துக்கொண்டாலும் முறை அதே முறைதான். இன்னொரு பக்கம், சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே குரோம் தோல் தொழிற்சாலை. பெரியமேட்டில் தோல் வாங்கப் போகிறவர் "எழுத்து பதிக்கணும், வெஜ் டேன் வேணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூடவே, மேல்பூச்சு கனமாக இல்லாத தோலாகவும் கேட்க வேண்டும். வெஜ் டேன் தோலின் மேலும் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி விற்பதுண்டு. அதில் பதிப்பு மழுங்கும்.

வெஜ் டேனில் வெறும் அழுத்தமாகப் பதிக்க இரண்டு வழி. ஒன்று ஈரம் வைத்து, மற்றொன்று உலர்ந்தபடியே.

ஈர முறையில் சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, துண்டு முழுக்க ஒரே சீராகத் தடவ வேண்டும். எழுத்து விழும் இடத்தில் மட்டும் தடவினால் காய்ந்ததும் அதன் ஓரத்தில் வளையமாகக் கறை நிற்கும், அது போகவே போகாது. தடவிய உடனே அடிக்கக் கூடாது. தோலின் தடிமனைப் பொறுத்து 15 முதல் 30 நிமிடம் விட்டு, மேல்முகம் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கி, புறங்கையில் வைத்தால் குளிர்ச்சி தெரியும்போது அடிக்க வேண்டும். வெப்பம் 60 முதல் 70 டிகிரி, அழுத்தம் 3 முதல் 5 நொடி. இதைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. நனைந்த வெஜ் டேன் தோலின் நார்கள் சுமார் 75 முதல் 85 டிகிரியில் சுருங்கிவிடும். 110 டிகிரியில் சூடேறிய பித்தளை ஈரத் தோலைத் தொட்டால் எழுத்தைச் சுற்றித் தோல் சுருண்டு, கறுத்து, காய்ந்ததும் மொறுமொறுவென்று உடையும். "தோல் எரிஞ்சுடுச்சு" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை எரிந்தது இல்லை, இந்தச் சுருக்கம்தான்.

உலர் முறையில் 100 முதல் 120 டிகிரி, 2 முதல் 4 நொடி. சூட்டில் எழுத்தின் அடிப்பாகம் லேசாகக் கறுத்து, தோலின் சொந்த நிறத்திலேயே ஒரு படி ஆழ்ந்த சாயல் வரும். இயற்கை நிறத் தோலில் இந்தச் சாயல்தான் மிக அழகு. எண்ணெய், மெழுகு எதுவானாலும் பதித்த பிறகே பூச வேண்டும். சாயம் ஏற்றுவதென்றால் பதிப்பதற்கு முன் ஏற்றி, நன்றாகக் காயவிட வேண்டும்.

குரோம் தோலில் ஈரம் வைப்பதால் பயன் இல்லை. உலர்ந்தபடியே 120 முதல் 140 டிகிரியில் 8 முதல் 10 நொடி வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். குரோம் தோல் கொதிநீரையே தாங்கும் என்பதால் சூட்டைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம், ஆனால் மேல்பூச்சு தாங்காது. பளபளப்பு மாறி, எழுத்தைச் சுற்றி ஒரு மினுக்கு வட்டம் தெரிந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். எவ்வளவு நன்றாகப் பதித்தாலும் சில வாரங்களில் ஆழம் ஓரளவு குறையும். அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை. குரோம் பைக்கு எழுத்து வேண்டும் என்று ஒருவர் கேட்டால், வெஜ் டேனில் ஒரு சிறு பட்டையைப் பதித்துக் கைப்பிடியில் கோத்துக் கொடுப்பதே நல்ல பதில். பெரிய கம்பெனிகளும் பெயர்ப்பட்டையில் பதிப்பதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்: தவறானால் பட்டை போகும், பை போகாது.

ரெக்ஸின் பைகளிலும் பதிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுள்ளது 90 முதல் 110 டிகிரியில் ஒரே நொடியில் ஃபாயிலைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பூச்சு உருகி எழுத்தோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு வரும். பி.வி.சி.யில் இன்னும் கவனம், காற்றோட்டமும் கட்டாயம்.

இப்போது ஃபாயில். தங்க ஃபாயில் என்று விற்பதில் பொதுவாகத் தங்கம் இருப்பதில்லை. மெல்லிய பாலியெஸ்டர் தாளின் மேல் மஞ்சள் அரக்குப் பூச்சு, அதன் கீழ் ஆவியாகப் படியவைத்த அலுமினியம், எல்லாவற்றுக்கும் கீழே சூட்டில் இளகும் பசை. மெஷினோடு இலவசமாக வரும் சுருள் பெரும்பாலும் காகிதத்துக்கானது. அது தோலில் முதல் நாள் ஒட்டியதுபோல் தெரியும், ஒரு வாரத்தில் விரல் பட்டே உதிரும். தோலுக்கு என்று கேட்டு வாங்கும் ஃபாயிலின் பசை வேறு. இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

நிறப் பக்கம் மேலே பித்தளையைப் பார்த்தும், மங்கலான பக்கம் கீழே தோலைப் பார்த்தும் இருக்க வேண்டும். வெஜ் டேனுக்கு 100 முதல் 120, குரோமுக்கு 115 முதல் 135 டிகிரி. அழுத்தம் 1 முதல் 2 நொடி போதும். தலை மேலேறியதும் ஃபாயிலை உடனே பிடுங்காமல் இரண்டு மூன்று மூச்சு விட்டு உரிப்பது நல்லது. எழுத்தின் உள்வெளிகள் அடைத்துக்கொண்டால் சூடு அதிகம் அல்லது நேரம் அதிகம். திட்டுத் திட்டாக விட்டுப்போனால் சூடு குறைவு, அல்லது தோலின் மேடுபள்ளம். ஓரம் கந்தலாக வந்தால் உரிக்கும் வேகத்தை மாற்றிப் பாருங்கள். எந்தச் சூட்டிலும் ஒட்டவே மாட்டேன் என்றால் தோலின் மேல் மெழுகோ சிலிகோனோ இருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் லேசாகத் துடைத்து முயலலாம், ஆனால் முதலில் கழிவுத் துண்டில். எண்ணெய் ஊறிய, மடித்தால் நிறம் வெளிறும் வகைத் தோலில் ஃபாயில் நிலைக்காது. அந்தத் தோலுக்கு வெறும் அழுத்தமே அழகு. அந்தக் காலப் புத்தக பைண்டர்கள் தங்கம் ஒட்டுவதற்காகத் தோலில் முட்டை வெள்ளைக்கரு பூசினார்கள். பிடிப்புக்கு ஒரு அடிப்பூச்சு வேண்டும் என்ற அந்த அறிவு இன்றும் செல்லும். இன்று அதைப் பாட்டிலில் வாங்குகிறோம்.

சொரசொரப்பான, குமிழ் குமிழான மேல்முகம் கொண்ட தோலில் ஒரு நல்ல உத்தி உண்டு. ஃபாயில் இல்லாமல் ஒருமுறை அழுத்தி இடத்தைச் சமப்படுத்தி, தோலை நகர்த்தாமல் அப்படியே ஃபாயிலை நுழைத்து இரண்டாவது முறை அழுத்துவது. தோல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும் என்பதால் தளத்தில் இரண்டு பக்கமும் தடுப்புப் பட்டை ஒட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. காற்றின் ஈரத்தைத் தோல் குடித்துவிடும். சூடான எழுத்து பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி ஃபாயிலுக்கும் தோலுக்கும் நடுவே சிக்கி, மங்கிய புள்ளிகளாக நிற்கும். முந்தைய இரவே துண்டுகளை உலர்ந்த அறையில் விரித்து வைத்தால் போதும். வெயிலில் வைக்க வேண்டாம்.

தினமும் கை படும் பைக்குத் தங்க எழுத்தா, வெறும் அழுத்தமா என்று கேட்டால் எங்கள் பதில் தயக்கமில்லாமல் வெறும் அழுத்தம். வியர்வையும் உராய்வும் ஃபாயிலைத் தேய்க்கும், கைகழுவும் சானிட்டைசரின் ஆல்கஹால் அதன் அரக்கைக் கரைக்கும். ஃபாயிலுக்குப் பொருத்தமான இடம் பர்ஸின் உட்பக்கம், டைரி அட்டை, கை அதிகம் படாத மூடியின் கீழ்மூலை.

தமிழ் எழுத்தில் பதிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மெஷின்களை விற்பவர்கள் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. பெட்டியில் வருவது ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். ஆனால் தமிழ்நாட்டில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதும் வழக்கம் வலுப்பெற்றிருக்கிறது. ஆசிரியர் ஓய்வுபெறும்போது கொடுக்கும் பையிலும், கல்யாணப் பரிசுப் பர்ஸிலும் "கோ. வ." என்று தமிழில் கேட்பவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு "ஆங்கிலத்தில்தான் முடியும்" என்று சொல்லி அனுப்புவது வருத்தத்துக்குரியது, அதுவும் இவ்வளவு எளிதாகத் தீரும் குறைக்கு.

247 எழுத்தையும் பித்தளையில் செய்யத் தேவையில்லை. ண, ழ, ள, ற, ன வரிசைகள் பெயரின் முதலில் வருவதில்லை. ங வரிசையும் அப்படியே. புள்ளி வைத்த மெய்யெழுத்துகளும் தேவையில்லை. ஙகரமும் இவையும் போக மிஞ்சுவதில் அடிக்கடி வருபவை க, ச, த, ந, ப, ம, வ, ர வரிசைகள், உயிரெழுத்துகள், ஜ, ஸ, ஹ சில. ெ, ே, ை, ா ஆகிய துணைக் குறிகளைத் தனித் துண்டாகச் செய்து உடலெழுத்தோடு சேர்த்து அடுக்கலாம். இகர, உகர வரிசைகளில் குறி உடலோடு ஒட்டியே இருக்கும் என்பதால் கி, சு, மு, ரா, ஜெ என்று கேட்கும்போது கி, சு, மு ஆகியவை தனித்தனி பிளாக்காகவே (எழுத்து செதுக்கிய உலோக அச்சு) வேண்டும். ரா, ஜெ இரண்டையும் துண்டுகளைச் சேர்த்து அமைக்கலாம்.

பிளாக் செய்யும் ஆட்களைத் தேட வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு ஃபாயில் அடிக்கும் தொழில் இருக்கும் இடத்தில் எல்லாம் பிளாக் செய்பவரும் இருப்பார். சிவகாசியில் கேட்கவே வேண்டாம். ஆனால் பத்திரிகைக்குச் செய்வதுபோலவே செய்து தரச் சொல்லாதீர்கள். காகிதத்துக்கு ஆழம் குறைவாக இருந்தாலும் நடக்கும். தோல் அமுங்கும், அமுங்கும்போது எழுத்தின் நடுவெளியில் பிதுங்கி மேலெழும். பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.5 மி.மீ., முடிந்தால் 2 மி.மீ. இருந்தால்தான் பிளாக்கின் அடித்தளம் தோலைத் தொடாமல் எழுத்து மட்டும் பதியும். கோட்டின் பருமன் 0.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, கோடுகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தது 0.5 மி.மீ. இந்தக் கணக்குப்படி தமிழ் எழுத்து 8 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால் இ, ஜ, ஹ, மூ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து 6 மி.மீ.யிலும் தெளிவாக விழும். 10 மி.மீ. தமிழுக்கு நிம்மதியான அளவு.

எழுத்துரு தேர்விலும் பலர் சறுக்குகிறார்கள். மெலிந்தும் தடித்தும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துரு திரையில் அழகாக இருக்கும். பித்தளையில் அதன் மெலிந்த இடம் கத்தியாகி மேல்முகத்தை அறுக்கும். ஒரே பருமனில் ஓடும் கோடு, வளைந்த முனை, தாராளமான சுழி கொண்ட எழுத்துருவே தோலுக்கு ஏற்றது. முன்னெழுத்துக்குப் பின் வைக்கும் புள்ளியும் அப்படித்தான். 0.8 மி.மீ. புள்ளி ஊசி போல் துளைக்கும், 1.2 மி.மீ. விட்டத்தில், முனை தட்டையாக வைக்கச் சொல்லுங்கள்.

பிளாக் பித்தளையா, மெக்னீசியமா? ஒரே ஒரு பைக்கு, ஒரே ஒரு முறைக்கு என்றால் மெக்னீசியம் மலிவு. திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்குப் பித்தளை. மெக்னீசியம் மெத்தென்ற உலோகம், ஓரம் சீக்கிரம் மழுங்கும், கடற்கரை ஊர்க் காற்றில் வெளிறிப் பொரிந்துபோகும். வைத்திருப்பதானால் எண்ணெய் தடவி, காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள்.

எந்தப் பிளாக்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்க வேண்டும். தனி எழுத்துகளை அடுக்கும்போது வரிசையையும் வலமிருந்து இடமாக வைக்க வேண்டும். தோலில் அடிப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் ஃபாயிலோடு ஒருமுறை அடித்து, எழுத்தை அடுக்காத இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். இதைத் தவிர்க்கும் அளவுக்கு அனுபவம் யாருக்கும் வந்துவிடுவதில்லை. பதித்த எழுத்தை அழிக்க வழியே இல்லை.

அதே காரணத்துக்காக ஆர்டர் சீட்டில் வாடிக்கையாளர் கையாலேயே எழுதி வாங்குவது நல்லது. மேல்நாட்டு வழக்கில் மூன்றெழுத்து மோனோகிராமில் குடும்பப் பெயரின் எழுத்து நடுவில் பெரிதாக வரும். இங்கே தந்தையின் எழுத்து முதலில், தன் எழுத்து பிறகு. சிலர் ஊரின் எழுத்தும் சேர்ப்பார்கள், சிலர் தாயின் எழுத்தையும் முன்னால் வைப்பார்கள். கல்யாணமான பெண்ணுக்குப் பரிசு என்றால் எந்த முன்னெழுத்தை அவர் பயன்படுத்துகிறார் என்று கேட்டே ஆக வேண்டும். ஊகித்துப் பதித்த எழுத்து அந்தப் பையைப் பீரோவிலேயே கிடத்திவிடும். புள்ளி வேண்டுமா, எழுத்துகளுக்கு நடுவே இடம் வேண்டுமா என்பதும் சீட்டில் இருக்கட்டும்.

தைத்து முடித்த பைக்குத் திரும்புவோம். மெஷினின் தலைக்கும் பின்தூணுக்கும் நடுவே உள்ள ஆழம்தான் முதல் தடை. ஆபீஸ் பையின் மூடி நடுப்பகுதி அங்கே எட்டாது. எட்டினாலும் அடியில் சமமான கெட்டித் தளம் கிடைக்காது. ஃபோம் வைத்த மூடியில் அழுத்தம் முழுவதையும் ஃபோம் வாங்கிக்கொள்ளும், எழுத்து மேலோட்டமாக விழும், சில நாளில் மறையும். ஜிப், தையல், காந்தப் பொத்தான் எதுவாவது அடியில் இருந்தால் அதன் வடிவமும் சேர்ந்து பதியும். முடிந்த பையில் செய்தே தீர வேண்டுமானால், லைனிங் இல்லாத ஓரத்தையோ தனித் தோலாகத் தொங்கும் பட்டையையோ தேர்ந்தெடுத்து, அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு வைத்து, தையலிலிருந்து குறைந்தது 8 மி.மீ. தள்ளிப் பதிக்கலாம். 0.8 மி.மீ.க்கு மெலிந்த தோலில் மறுபக்கம் தெரியும். 1.5 முதல் 2 மி.மீ. தோல் எல்லாவற்றுக்கும் ஒத்துழைக்கும்.

மெஷினிலேயே உள்ள குறைகள் சில. கன்ட்ரோலர் காட்டுவது தலையின் உள்வெப்பம், எழுத்தின் முகத்தின் வெப்பம் அதைவிடக் குறைவு. 120 என்று திரையில் வந்த உடனே அடித்தால் முதல் சில துண்டுகள் மங்கலாகவும் பிறகு வருபவை கறுத்தும் விழும். எண் வந்த பிறகு இன்னும் 15 நிமிடம் காத்திருந்தால் எழுத்து முழுதும் சூடேறிச் சீராகும். மேலே சொன்ன டிகிரிகள் எல்லாம் தொடங்கும் புள்ளிகளே. அதே தோலின் கழிவுத் துண்டில் 90, 100, 110, 120, 130 என்று வரிசையாக அடித்து, பக்கத்தில் பேனாவால் குறித்து, அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளின் உயரம் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபடும். மலிவுப் பெட்டிகளில் இது கட்டாயம் உண்டு. குட்டையான எழுத்தின் பின்னால் மெல்லிய காகிதத்தை ஒன்று இரண்டாகச் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். தளம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, வெள்ளைத் தாளின் மேல் கார்பன் தாளை வைத்து அடித்துப் பார்த்தால் எந்த மூலை கனமாக விழுகிறது என்று உடனே தெரியும். மறு மூலையின் அடியில் காகிதம் கொடுத்தால் சரியாகும். குளிர்ந்தபோது இறுக்கிய திருகு சூட்டில் தளரும். சூடேறிய பிறகு நீண்ட ஆலன் சாவியால் இன்னொரு முறை இறுக்காவிட்டால், பதினைந்தாவது பட்டையில் எழுத்து சாய்ந்து நிற்கும்.

மின்சார விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று எர்த். உடம்பு முழுக்க இரும்பு, உள்ளே ஹீட்டர். சிலவற்றில் இரண்டு முனை பிளக்கோடுதான் வருகிறது. எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று முனை பிளக் மாற்றி, எர்த் கம்பி உடம்போடு இணைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுத்தியலால் அடிக்கும் எழுத்து அச்சுப் பெட்டி மிக மலிவு. ஈரம் வைத்த வெஜ் டேனில், கிரானைட் பலகை மேல் வைத்து, நைலான் சுத்தியலால் ஒரே அடி அடித்தால் நன்றாகவே விழும். நேர்க்கோடும் ஆழமும் கையைப் பொறுத்தது. மாதம் நாலைந்து பட்டைக்கு மேல் இல்லை என்றால் இதுவே போதும், மெஷின் வேண்டாம். லேசரில் எந்தத் தமிழ் எழுத்தையும் பிளாக் இல்லாமல் எழுதலாம், அது பெரிய வசதி. ஆனால் லேசர் தோலை அழுத்துவதில்லை, எரிக்கிறது. கருகல் வாசனை நாள்கணக்கில் நிற்கும், விளிம்பில் கரி கையில் ஒட்டும். பி.வி.சி. ரெக்ஸினை லேசரில் வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்கும் கெடுதல், லேசரின் உள்ளுறுப்பையும் அரித்துவிடும்.

மெஷின் வாங்குவதென்று முடிவானால் கூடவே வாங்க வேண்டியவை: தோலுக்கான ஃபாயில் தங்கத்தில் ஒன்று, வெள்ளியில் ஒன்று, சூடு தாங்கும் பாலியிமைடு டேப், தளத்தில் விரிக்க 2 மி.மீ. கெட்டி அட்டை நாலைந்து, பள்ளம் விழுந்ததும் மாற்றுவதற்கு. ஒரு உபரி ஹீட்டர் ராடு. இந்த மெஷினில் முதலில் போவது ஹீட்டர் ராடுதான். விட்டம், நீளம், வாட் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் துளைக்குள் தளர்வாக நின்று, சூட்டைத் தலைக்குக் கடத்தாமல் தானே கருகிப்போகும்.